பென்சில் புள்ளடி

ஆற்றின் நடுவில் வீடு நின்றது. கோப்பாய் வீடு. ஓட்டுக்கூரை, கிணற்றடி, மதிலோரத்து மாதுளை எல்லாம் இருந்தபடி இருந்தன; சுற்றிவர மட்டும் பனி. தங்கச்சி கமலாசனி பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகளைக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றாள். பனி எது, சட்டை எது என்று தெரியவில்லை. "இஞ்சை வெய்யில் காணாதக்கா" என்றாள். பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது. புஷ்பராணியின் நெற்றி கண்ணாடியில் முட்ட, வீடு போய்விட்டது. அது நின்ற இடத்தில், உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இழுத்துக்கொண்டுபோய் வைத்த பலகைக் குடில் ஒன்று புகை விட்டுக்கொண்டிருந்தது.

2004ஆம் ஆண்டு மாசி மாதம் முழுக்க அவளுக்கு இந்தக் கனவுதான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை போகிற பஸ்ஸில் ஏறி, டோர்வாலில் இறங்குவதற்குள் அவள் தூங்கி, கனவு கண்டு, விழித்து, தொப்பியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வீட்டில் படுக்கிற தூக்கத்துக்குள் கனவுக்கு இடமில்லை. படுத்தால் கட்டை, எழும்பினால் வேலை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கிக் கொடுக்கிற தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். தட்டு வரும், புஷ்பராணி மூன்று வெள்ளரித் துண்டும் ஒரு ஒலிவ் காயும் வைப்பாள், பக்கத்தில் நிற்கிற றோசா மூடி போடுவாள். தட்டு போய்விடும். பிறகு அது பாரிசுக்கோ லண்டனுக்கோ மேகத்துக்கு மேலால் போகும். பதினொரு வருசமாக இதுதான். பெல்ட்டின் தலைமாட்டில் நின்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறவன் மட்டும் ஆண். அந்த வேலைக்குப் பாரம் தூக்க வேண்டும் என்று சொல்லித்தான் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. அவன் எதையும் தூக்கி ஒருவரும் பார்த்ததில்லை.

புஷ்பராணி விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தரம், பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபோது. அன்றைக்குத் தட்டில் கிடந்த ஒலிவ் காயைக் கெட்டுப்போன நெல்லிக்காய் என்று நினைத்து ஓரமாக ஒதுக்கி வைத்தவள் அவள்.

கணவர் நகுலேஸ்வரன் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை செய்தார். அது வயிற்றுப்பாடு. அவருடைய உண்மையான தொழில் பேச்சு. தமிழ்ச் சங்கத்து மேடையில் அவருக்கு நிகர் அவர்தான். பங்குனி பிறந்தால் மகளிர் தினப் பேச்சு ஒன்பது வருசமாக அவருடையது. "பெண்ணியம் என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, தானே பதிலும் சொல்லுவார். மனைவியை ஒரு நாளும் "நீ" என்று கூப்பிட்டதில்லை, "நீர்" தான். அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். குடிகாரர் இல்லை, கைநீட்டியவர் இல்லை. நல்ல மனிதர்தான். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி என்று ஒரு பழமொழி இருப்பது அவருக்கும் தெரியும். அது வேறு ஆட்களைப் பற்றியது என்று நினைத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் புஷ்பராணி தொலைபேசி அட்டையைச் சுரண்டி, தங்கச்சிக்கு எடுப்பது வழக்கம். அங்கே அப்போது பொழுதுபட்டிருக்கும். கமலாசனிக்கும் ஒரு சீதன வீடு இருந்தது. அவளுடைய புருசன் அதை விற்று முடித்துவிட்டு, வேறொருத்தியோடு வவுனியாவுக்குப் போய்விட்டான். அன்று முதல் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் புஷ்பராணியின் சீதன வீட்டில்தான் இருந்தார்கள். விறாந்தையில் தையல் மெசினைப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துச் சீவித்தாள்.

"அக்கா, வீட்டை வித்துப்போட்டியேக்கா?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஆர் சொன்னது?"

"அத்தானின்ரை தமையன், ஆனந்தராசா அண்ணை, நேற்று நிலம் அளக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவர். வேலியைச் சுத்தி அளந்தவை. என்னெண்டு கேட்டன். 'உன்ரை அக்கா எனக்கு அற்றோணித்தத்துவம் எழுதித் தந்திட்டா, சித்திரைக்கிடையிலை விக்கவேணும், நீ வேறை இடம் பார் பிள்ளை' எண்டார்."

தனக்குப் பதிலாக விற்கவும் உறுதி முடிக்கவும் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரத்துக்குத்தான் யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர்.

"நான் அப்பிடி ஒண்டும் எழுதேல்லையடி."

"காட்டினவரக்கா. உன்ரை கையெழுத்து எனக்குத் தெரியாதே? கடைசியிலை ஒரு வால் இழுத்துவிடுவாய், பள்ளிக்கூடத்திலை ரீச்சரிட்டை அடிவாங்கின வால். அது கிடக்கு." கமலாசனி அழவில்லை. அழுதிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "எனக்கு ஒரு கிழமைக்கு முன்னம் சொல்லியிருக்கலாம். புதுசாய் அறுபது சட்டைக்குத் துணி வெட்டிப்போட்டன்."

தொலைபேசியை வைத்த பிறகுதான் புஷ்பராணிக்குத் தை மாதத்து அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது.

நகுலேஸ்வரனுக்கு ஒரு பழக்கம். அகதி மனு, பிள்ளைக் காசு, வாடகை, வரி என்று எந்தப் பத்திரம் வந்தாலும் அவரே நிரப்புவார். மனைவி கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக, பெருக்கல் குறிபோல, ஒரு புள்ளடி போடுவார். அவள் மீன் வெட்டின கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் புள்ளடிக்கு மேல் கையெழுத்து வைத்துவிட்டுப் போவாள். பிறகு அவர் ரப்பரால் புள்ளடியை அழித்து, தூசியை ஊதிவிடுவார். பதினொரு வருசமாக அவள் வாசித்தது அந்தப் புள்ளடியை மட்டும்தான்.

தை மாதத்தில் வேலையால் களைத்து வந்தவளை, "ஊர் வீட்டு வரி விசயம், அண்ணை பாக்கிறதுக்கு ஒரு கடிதம்" என்று சொல்லி, சட்டப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அறை இதமான சூடு. சப்பாத்துப் பனி உருகிக் காலடியில் குளமாகியது. அவளுக்கு நித்திரை தூக்கி அடித்தது. நொத்தாரிசு அம்மா பிரெஞ்சில் ஏதோ கேட்டா. "வுய், வுய், மெர்சி" என்றாள் புஷ்பராணி. ஓம், ஓம், நன்றி: எங்கள் சனம் இந்த ஊருக்கு வந்து முதல் படிக்கிற பாடம் அது. எதைக் கேட்டாலும் அதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். பத்திரத்தில் பென்சில் புள்ளடி இருந்தது. வைத்தாள்.

இப்போது அவளுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு வெட்கம் வந்தது. கோபம் ஆறுதலாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

நகுலேஸ்வரன் வரவேற்பறையில் மகளிர் தினப் பேச்சைச் சொல்லச் சொல்ல, மகள் ஆர்த்திகா கம்பியூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரிக்குப் போகிறவள்.

"கோப்பாய் வீட்டை விக்கப்போறியளோ?" என்று கேட்டாள் புஷ்பராணி.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி சொன்னவவோ? நானே ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டிருந்தனான். இரும், சொல்லுறன். இப்ப சமாதான காலம். காணி நல்ல விலைக்குப் போகுது. இந்த நேரத்திலை வித்தால் ஆத்துக்கு அங்காலை, லொங்குய்யிலை ஒரு வீட்டுக்கு முதல் காசு கட்டலாம். பின்னுக்குத் தோட்டம். நீர் கத்தரி, வெண்டி வைக்கலாம். உமக்காகத்தானே."

"வரி எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினியள்."

"வரியும் வீட்டு விசயம்தானே. நீர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். கேக்கேல்லை."

அது உண்மை. அவள் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது.

"அவள் ரெண்டு குமரோடை எங்கை போறது?"

"அண்ணை ஒரு அறை பாத்துக் குடுப்பார்."

"அவளின்ரை வீட்டைப் புருசன்காரன் திண்டான். இதை நாங்கள் தின்னுறதோ? அது என்ரை அப்பா எனக்கு எழுதின வீடு. நான் அதை அவளுக்கு எழுதிக் குடுக்கப்போறன்."

நகுலேஸ்வரன் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிக்கிற சிரிப்பு. "எழுதேலாது இஞ்சாரும். வீடு உம்மடை பேரிலை இருந்தாலும், புருசன் சம்மதக் கையெழுத்து வைக்காமல் நீர் விக்கவோ குடுக்கவோ ஏலாது. தேசவழமை. எங்கடை யாழ்ப்பாணத்துச் சட்டம். நான் எழுதின சட்டமே? என்ன செய்யிறது."

ஆர்த்திகா கம்பியூட்டரை விட்டுத் திரும்பினாள். "அப்பா, அங்கை உங்கடை பேரிலை ஒரு வீடு இருந்தால், அதை விக்கிறதுக்கு அம்மா கையெழுத்து வைக்கவேணுமோ?"

"அது வேறை, பிள்ளை."

"வேணுமோ, வேண்டாமோ?"

"வேண்டாம். நீ அந்த மூண்டாவது பந்தியை ஒருக்கா வாசி பாப்பம்."

மூன்றாவது பந்தியை அவள் வாசித்தாள். "சொத்துரிமை இல்லாத பெண் விடுதலை, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போன்றதாகும்." வாசித்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். குசினியில் பருப்பு பொங்கி அடுப்பில் வழிகிற மணம் வந்தது. அதை நிறுத்த எழும்பிப் போனதும் புஷ்பராணிதான்.

திங்கட்கிழமை பெல்ட்டில் லண்டனுக்குப் போகிற தட்டு. வெள்ளரிக்குப் பதில் மாம்பழத் துண்டு. றோசா பாசையூர்க்காரி, கடற்கரைக் குரல், மெசின் சத்தத்துக்கு மேலால் கதைக்கப் பழகினவள்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கேலாதோ? உன்ரை கையெழுத்துத்தானே. நீ குடுத்த அதிகாரத்தை நீ வெட்டலாம். அதுக்கு ஆரின்ரை சம்மதம்?"

"வெட்டினால் விக்கேலாது, சரி. ஆனால் எழுதிக் குடுக்க அவர் கையெழுத்து வேணும். நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் அவளின்ரை கதி?"

"அதுக்கும் ஏதும் வழி வைச்சிருப்பாங்கள். தங்கச்சியை ஒரு சட்டத்தரணியிட்டை அனுப்பு. கடிதம் வந்தால் எங்கடை கடை பக்ஸுக்கு அனுப்பச் சொல்லு." றோசாவின் புருசன் எமிலியானுஸ் கோட்-டே-நேஜில் தெப்பனேர் என்கிற மூலைக்கடை ஒன்று வைத்திருந்தார்; பால், பியர், லொத்தர் சீட்டோடு சனத்தின் பக்ஸ் என்கிற தொலைநகலும் அங்கேதான் வந்து போகும். "என்ன, யோசிக்கிறாய்?"

"அந்தாள் கெட்ட மனிசன் இல்லை, றோசா."

"ஆர் கெட்டவன் எண்டது? கெட்டவனெண்டால் நீ எப்பவோ வாசிச்சுப் பாத்திருப்பாய்."

புஷ்பராணியின் கை நின்றது. ஆறு தட்டுகள் மாம்பழம் இல்லாமல் போய்விட்டன. அவை அப்படியே லண்டன் வரை பறந்திருக்கும். தலைமாட்டில் நின்றவன் ஏதோ கத்தினான். அவள் அவனைப் பார்த்து வுய் சொல்லவில்லை.

அன்றிரவே தங்கச்சிக்கு எடுத்துச் சட்டத்தரணியிடம் போகச் சொன்னாள். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆர்த்திகாவைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசு அம்மாவிடம் போனாள். அதே சூடு, அதே கதிரை, சப்பாத்தடியில் அதே குளம். நித்திரை மட்டும் வரவில்லை.

"தையிலை நான் கையெழுத்து வைச்ச பத்திரத்தை எடுக்கச் சொல்லு. முழுக்க வாசிக்கச் சொல்லு."

"அம்மா, ஆறு பக்கம்."

"ஆறையும்."

நொத்தாரிசு அம்மா பிரெஞ்சில் சொல்ல, ஆர்த்திகா தடக்கித் தடக்கித் தமிழாக்கினாள். கிழக்கே ஒழுங்கை. வடக்கே வாசிகசாலைக் காணி. தெற்கே பொன்னம்பலத்தாரின் பிள்ளைகள். கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால். பிள்ளைக்கு வாய்க்கால் என்ற சொல் வரவில்லை. "தண்ணி ஓடுற கோடு" என்றாள். அந்த அறைக்குள், புத்தக அலுமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில், வீடு மெல்ல மெல்ல எழும்பி நின்றது. வெளியே பனி பொழிந்தது. மாதுளையில் பூ இருந்தது. மெசின் மிதிக்கிற சத்தம் கூடக் கேட்டது. புஷ்பராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தன்னுடைய வீடு இவ்வளவு பெரிதென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தங்கச்சிக்கு எழுதிக் கொடுக்கிற கதையையும் மகள் சொன்னாள். நொத்தாரிசு அம்மா கேட்ட கேள்வியைத் தமிழில் சொல்லும்போது ஆர்த்திகாவுக்கே சிரிப்பு வந்தது. "வீடு உங்கடை எண்டால் அப்பா ஏன் கையெழுத்து வைக்கவேணும் எண்டு கேக்கிறா."

"எங்கடை சட்டம் அப்பிடியெண்டு சொல்லு."

நொத்தாரிசு அம்மா பேனையை ஒருக்கா உருட்டினா. பிறகு நீளமாக ஏதோ சொன்னா.

"இஞ்சையும் அறுபத்துநாலாம் ஆண்டு வரைக்கும் அப்பிடித்தானாம். கலியாணம் கட்டின பொம்பிளை தன்ரை எண்ணத்துக்கு ஒரு பத்திரமும் எழுதேலாதாம். அவவின்ரை தாய் எதுக்கும் புருசனிட்டைக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு நிண்டவவாம்."

"பேந்து?"

"பேந்து சட்டத்தை மாத்தினவையாம்."

"ஆர் மாத்தினது?"

ஆர்த்திகா கேட்டுச் சொன்னாள். "பொம்பிளையள்தானாம், கேட்டுக் கேட்டு."

அதிகாரத்தை வெட்டுகிற பத்திரம் தயாரானது. அதையும் முழுக்க வாசிக்க வைத்தாள். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் புள்ளடி எதுவும் இல்லை. கோட்டைத் தானே தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்து வாலை நல்லாக இழுத்துவிட்டாள்.

திரும்பி வருகிற வழியில் தெப்பனேரில் எமிலியானுஸ் இரண்டு தாளை நீட்டினார். கோப்பாயிலிருந்து வந்த பக்ஸ். சட்டத்தரணி எழுதின சம்மதப் பத்திரம், தமிழிலேயே இருந்தது. ஓரத்தில் கமலாசனி தன் கையால் எழுதியிருந்தாள்: "அக்கா, அத்தான் நியாயமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாமாம். அவ்வளவுக்கு வேண்டாம். நான் வேறு இடம் பார்க்கிறேன்."

"வேறை இடம் பாக்கிறாளாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள் புஷ்பராணி. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளிர் தின விழா. தேவாலயத்துக்குக் கீழே உள்ள மண்டபம். மேலே மேடை, ஒலிபெருக்கி, பூச்செண்டு; பின்னால் குசினியில் பதினைந்து பெண்கள் வடை சுட்டுக்கொண்டும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டும் நின்றார்கள். மகளிரைக் கௌரவிக்க வந்த சனத்துக்குப் பசிக்கும் அல்லவா? நகுலேஸ்வரனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "பெண்ணியம் என்றால் என்ன?" இடைவெளி. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று புஷ்பராணிக்குத் தெரியும்.

"உன்ரை மனிசன் எங்கடை விடுதலையைக் கெதியாய் முடிச்சாரெண்டால் வடை சூட்டோடை போகும்" என்றாள் றோசா.

குசினி முழுக்கச் சிரித்தது. புஷ்பராணியும் சிரித்தாள். எண்ணெயில் மிதந்த வடைகள் பொன்னிறமாகத் திரும்பின. மூன்றாவது பந்தி வந்தபோது அவள் கரண்டியை வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து மண்டபத்துக்குள் போய் நின்றாள். ஒன்பது வருசத்தில் அவருடைய பேச்சை அவள் முன்னால் நின்று கேட்டது அதுதான் முதல் தரம். "சொத்துரிமை இல்லாத…" என்று தொடங்கியவர் அவளைக் கண்டார். ஒரு சொல் தடக்கியது. தண்ணீர் குடித்தார். அந்தப் பந்தியைத் தாண்டி நாலாவதற்குப் போய்விட்டார். சனம் கவனிக்கவில்லை, கைதட்டியது.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. பனியில் பட்ட வெளிச்சம் கூரை முகடு வரைக்கும் பால்போல் ஏறியிருந்தது. நகுலேஸ்வரன் பொன்னாடையைக் கழற்றாமலே மேசையில் இருந்தார். புஷ்பராணி தேத்தண்ணி வைக்கவில்லை. எதிர்க் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். ஆர்த்திகா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அண்ணைக்குக் குடுத்த அதிகாரத்தை வெட்டிப்போட்டன்" என்றாள் புஷ்பராணி. "வியாழக்கிழமை. பதிவுத் தபாலிலை போட்டாச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. பொன்னாடையின் சரிகையைப் பிடித்து உருட்டினார். புஷ்பராணி பக்ஸ் தாளை விரித்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இது உங்கடை சம்மதம். வீட்டைத் தங்கச்சிக்கு எழுதுறதுக்கு. நாளைக்கு நொத்தாரிசு அம்மாவுக்கு முன்னாலை இதிலை கையெழுத்து வைக்கவேணும். நீங்கள் ஏலாதெண்டால் கோட்டிலை அனுமதி கேக்கலாமாம். கேப்பன். யாழ்ப்பாணத்துக் கோட்டிலை உங்கடை பேரைக் கூப்பிட்டு, ஏன் மறுத்தவர் எண்டு விசாரிப்பினம். எனக்கு அதிலை விருப்பமில்லை. ஆனால் கேப்பன்."

"உமக்கு லொங்குய்யிலை வீடு வேண்டாமோ? தோட்டம்?"

"வேணும். ரெண்டு பேரும் உழைச்சு வாங்குவம். அவளின்ரை தலையிலை ஏறி நிண்டு கத்தரி வைக்க எனக்கு ஏலாது."

வெளியே பனி தள்ளுகிற வண்டி ஒன்று மணி அடித்துக்கொண்டு மெல்லப் போனது. நகுலேஸ்வரன் மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. அவருடைய முகம் சிவந்தது. இந்த மனிதர் வெட்கப்பட்டுப் புஷ்பராணி கண்டதில்லை. பாவமாகவும் இருந்தது, அதற்காக அவள் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போகவில்லை.

அவர் பேனையை எடுத்தார். தாளின் அடியில் பார்த்தார். பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி இருந்தது, புஷ்பராணி போட்டது.

"சரி, உம்மடை விருப்பம். இஞ்சைதானே வைக்கவேணும்? நாளைக்கு அங்கை போய் இந்த இடத்திலை வைச்சால் சரி. ஒரு கவரைக் கொண்டாரும், போட்டு வைப்பம்" என்று தாளை மடிக்கப் போனார்.

புஷ்பராணி தாளின்மேல் கையை வைத்தாள். வெள்ளரி வெட்டி, வடை சுட்டு, தோல் தடித்த கை.

"மடிக்காதேங்கோ. முதல் வாசியுங்கோ."

"நம்பிக்கை இருக்குதானே, என்னத்துக்கு—"

"முதல் வரியிலை இருந்து. கிழக்கை, மேற்கை, கிணற்றுப் பங்கு எல்லாம்." அவருடைய கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியால் துடைத்து, அவருக்கு முன்னால் வைத்தாள். "ஆறுதலாய் வாசியுங்கோ. நாளைக்கு எனக்கு லீவு."